கேமிங் லேப்டாப் கொதிக்கிறதா? தப்பு முழுக்க உங்கள் மேல் இல்லை!

கேம் தொடங்கி முதல் பத்து நிமிடம் எல்லாம் அருமையாக இருக்கும். படம் வழுக்கிக்கொண்டு ஓடும். பதினைந்தாவது நிமிடத்தில் ஃபேன் இரைச்சல் ஹெட்போனையும் தாண்டிக் கேட்கும். கொஞ்ச நேரத்தில் கீபோர்டின் நடுப்பகுதியில் விரல் வைக்க முடியாது. சரியாக எதிரி முன்னால் வந்து நிற்கும்போது திரை திக்கும். ‘லேக் ஆகுதுடா’ என்று டீமில் சொன்னால், ‘உன் நெட்டை செக் பண்ணு’ என்று பதில் வரும். பல நேரங்களில் பிரச்சினை நெட்டில் இல்லை. மேஜை மேல் இருக்கும் பெட்டியின் வயிற்றுக்குள் இருக்கிறது.

கடையில் கேட்டால் மூன்று பதில்கள் தயாராக இருக்கும். ‘பெட் மேல வெச்சு யூஸ் பண்ணீங்களா?’, ‘ஒரு கூலிங் பேட் வாங்கிடுங்க’, ‘கேமிங் லேப்டாப்னா சூடாகத்தான் சார் செய்யும்’. மூன்றும் முழுப் பொய் இல்லை. ஆனால், மூன்றுமே பழியை வாங்கியவர் தலையில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுகின்றன. முதல் சம்பளத்தில் தவணை போட்டு 80 ஆயிரம், ஒரு லட்சம் கொடுத்து வாங்கிய இயந்திரம், விளம்பரத்தில் சொன்ன வேகத்தை முதல் கால் மணி நேரம் மட்டுமே தருகிறது என்றால், அது பயன்படுத்துபவரின் பழக்கம் பற்றிய கேள்வி மட்டும் அல்ல. என்ன விற்கப்பட்டது என்ற கேள்வியும்தான்.

இதில் பாதியை வீட்டிலேயே, பெரும்பாலும் காசு செலவில்லாமல் சரிசெய்துகொள்ளலாம். மீதிப் பாதிக்கு நிறுவனங்கள் பதில் சொல்ல வேண்டும். இரண்டையும் பிரித்துப் பார்ப்பதுதான் முதல் வேலை.

பெட்டிக்குள் என்ன நடக்கிறது?

லேப்டாப்பின் சிப்புகள் இழுக்கும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் வெப்பமாகத்தான் வெளியே வரும். கேம் ஓடும்போது ப்ராசஸர் 45 வாட், கிராஃபிக்ஸ் சிப் 100 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 145 வாட். பழைய 100 வாட் குண்டு பல்பு எரியும்போது தொட்டுப் பார்த்துக் கையைச் சுட்டுக்கொண்டவர்களுக்கு இந்த எண்ணின் அர்த்தம் புரியும். அப்படி ஒன்றரை பல்பை, இரண்டு விரற்கடை உயரம்கூட இல்லாத ஒரு பெட்டிக்குள் அடைத்து, மேலே கையை வைத்து விளையாடச் சொல்கிறார்கள்.

இந்த வெப்பம் வெளியேற ஒரு வழிதான் உண்டு. சிப்பின் முதுகிலிருந்து தெர்மல் பேஸ்ட் என்ற பசை வழியாக செம்புத் தகட்டுக்குப் போகும். அங்கிருந்து செம்புக் குழாய்கள் அதை ஓரத்தில் உள்ள மெல்லிய உலோகத் தகடுகளுக்குக் கடத்தும். ஃபேன் காற்றை ஊதி அதை வெளியே தள்ளும். பசை காய்ந்தாலும், தகடுகளுக்கு இடையே தூசி அடைத்தாலும், ஃபேன் காற்றை உள்ளிழுக்கும் துவாரத்தை மெத்தை மூடினாலும் மொத்த வழியும் நின்றுபோகும்.

சிப்புகளுக்கு ஒரு எல்லைக்கோடு உண்டு. இன்டெல் லேப்டாப் ப்ராசஸர்கள் பலவற்றுக்கு 100 டிகிரி செல்சியஸ். ஏ.எம்.டி.யின் ரைசன் வகைகளுக்கு 95 முதல் 105 டிகிரி. என்விடியா லேப்டாப் சிப்புகள் பல 87 டிகிரியை ஒட்டி வரும்போதே வேகத்தைக் குறைக்கத் தொடங்கிவிடும். கோட்டைத் தொட்டதும் சிப் தானாகவே தன் வேகத்தையும் மின்சாரத்தையும் குறைத்துக்கொள்ளும். இதற்குப் பெயர் ‘த்ராட்லிங்’. மலைப்பாதையில் ஏறும் லாரி, ரேடியேட்டர் சூடானதும் ஓரம் கட்டி ஆறவிட்டுக் கிளம்புவது போலத்தான். லாரி கெட்டுப்போய் நிற்கவில்லை. கெடாமல் இருப்பதற்காக நிற்கிறது. ஆனால், லேப்டாப் இதை நொடிக்கு நொடி செய்யும்போது கேம் விளையாடுபவருக்கு அது திக்கலாகவும் இழுவையாகவும் தெரிகிறது.

நம் ஊர் அறை, அவர்கள் ஊர் ஆய்வகம்

ரிவ்யூ வீடியோவில் 85 டிகிரிக்கு மேல் போகாத அதே மாடல், வேலூரிலோ மதுரையிலோ 97 டிகிரி காட்டுவது ஏன்? எளிய கணக்குதான். வெளியேறும் வெப்பம் சுற்றியுள்ள காற்றுக்குத்தான் போக வேண்டும். காற்றே சூடாக இருந்தால், சிப்பும் அதற்கு மேலேதான் நிற்கும்.

ஒரு உதாரணம். 25 டிகிரி அறையில் கேம் ஓடும்போது சிப் 90 டிகிரியில் நிற்கிறது என்று வையுங்கள். அறையைவிட 65 டிகிரி அதிகம். அதே மின்சாரம், அதே ஃபேன் வேகம், ஆனால் அறை 35 டிகிரி என்றால் சிப் ஏறக்குறைய 100 டிகிரிக்குப் போகும். எல்லைக்கோடு 90 டிகிரி என்று நிறுவனம் வைத்திருந்தால், 65 டிகிரி இடைவெளியை 55 ஆகச் சுருக்க வேண்டும். அதற்கு மின்சாரத்தைச் சுமார் 15 சதவீதம் குறைத்தாக வேண்டும். அதாவது, லேப்டாப்பில் எந்தக் கோளாறும் இல்லாமலேயே, அறையின் வெயில் மட்டுமே சிப்பின் உணவில் ஏழில் ஒரு பங்கைப் பிடுங்கிக்கொள்கிறது.

தமிழ்நாட்டில் ஏப்ரல், மே மாதங்களில் 40 டிகிரியைத் தாண்டுவது செய்தியே இல்லை. மொட்டை மாடிக்குக் கீழே உள்ள அறையில், ஏ.சி. இல்லாமல் சீலிங் ஃபேன் மட்டும் சுற்றும்போது, பிற்பகலில் அறைக்குள் 35 டிகிரி சாதாரணம். சீலிங் ஃபேன் நம் வியர்வையை உலர்த்தி நமக்குக் குளிர்ச்சி தரும். காற்றின் வெப்பநிலையைக் குறைக்காது. லேப்டாப்புக்கு வியர்க்காது என்பதால் அதற்கு அந்தப் பலன் இல்லை.

ஆப்பிள் தன் மேக்புக்குகளுக்குச் சொல்லும் இயக்க வெப்பநிலை 10 முதல் 35 டிகிரி வரை. அந்த மேல் எல்லை, நம் ஊர் மே மாதத்தில் ஒரு சாதாரண பிற்பகல்.

ஒரே பெயர், வேறு வேறு வேகம்

இனி வருவதுதான் கடைக்காரர் பெரும்பாலும் சொல்லாத விஷயம். லேப்டாப்புக்கான ஆர்.டி.எக்ஸ். 4060 சிப்பை எடுத்துக்கொள்வோம். என்விடியாவின் அறிவிப்பின்படியே அதற்கு 35 வாட் முதல் 115 வாட் வரை எவ்வளவு மின்சாரம் கொடுப்பது என்பதை லேப்டாப் நிறுவனமே முடிவு செய்யலாம். ஒரு பக்கம் 35, இன்னொரு பக்கம் 115. இரண்டின் மேலும் ஒட்டப்படும் ஸ்டிக்கர் ஒன்றுதான். மெலிதான, கைக்கு அடக்கமான மாடலில் 60 வாட்டுக்குக் கட்டுப்படுத்தப்பட்ட 4060, தடிமனான மாடலில் 115 வாட் வாங்கும் 4060 போல ஓடாது. விலைப்பட்டியலில் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி பக்கத்துப் பக்கத்தில் நிற்கும்.

முன்பு குறைந்த மின்சாரத்தில் ஓடும் வகைக்கு ‘மேக்ஸ்-கியூ’ என்ற தனிப் பெயர் இருந்தது. பெயரைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். 2021-ல் ஆர்.டி.எக்ஸ். 30 வரிசை லேப்டாப்களுக்கு வந்தபோது, சிப்பின் பெயரிலிருந்து அந்த அடையாளம் போய்விட்டது. விமர்சனம் எழுந்த பிறகு, வாட் அளவையும் வேகத்தையும் தயாரிப்புப் பக்கத்தில் வெளியிடும்படி லேப்டாப் நிறுவனங்களிடம் என்விடியா சொன்னது. பல நிறுவனங்களின் இணையதளத்தில் இப்போது அந்த எண் கிடைக்கிறது. ஆனால் ஷாப்பிங் ஆப்பில், ஷோரூம் அட்டையில், சலுகை விளம்பரத்தில் தேடினால் கண்ணில் படுவது அரிது.

பெரிய பெயர், பெரிய விலை இருந்தால் இந்தச் சிக்கல் வராது என்றும் நினைத்துவிட முடியாது. 2018 ஜூலையில் கோர் ஐ9 ப்ராசஸருடன் வந்த மேக்புக் ப்ரோ, அதிக வேலை கொடுத்தால் அறிவிக்கப்பட்ட அடிப்படை வேகத்துக்கும் கீழே இறங்குவதாக யூடியூபர் டேவ் லீ காட்டினார். லேப்டாப்பை ஃப்ரீஸரில் வைத்தபோது அதே வேலை வேகமாக முடிந்தது. சில நாட்களில் ஆப்பிள், வெப்ப மேலாண்மை மென்பொருளில் ஒரு குறை இருந்ததை ஒப்புக்கொண்டு, மன்னிப்புக் கேட்டு அப்டேட் வெளியிட்டது. ஒருவர் அளந்து காட்டியதால்தான் அது வெளியே வந்தது. அளக்காதவர்கள் அதுவரை தங்கள் பயன்பாட்டில்தான் ஏதோ தவறு என்று நினைத்திருக்கக்கூடும்.

சூடுதான் காரணமா? முதலில் அளந்து பாருங்கள்

இழுவைக்கு எல்லாம் சூடு காரணம் இல்லை. கூலிங் பேடுக்குக் காசு கொடுப்பதற்கு முன் ஒரு மணி நேரம் ஒதுக்கி அளந்து பார்ப்பது லாபம். ‘ஹெச்டபிள்யூஇன்ஃபோ’ என்ற இலவச மென்பொருள் போதும். கேம் தொடங்கி ஐந்தாவது நிமிடத்திலும் முப்பதாவது நிமிடத்திலும் மூன்று எண்களைக் குறித்துக்கொள்ள வேண்டும்: வெப்பநிலை, வேகம், வாட்.

வெப்பநிலை எல்லையைத் தொட்டு, வேகமும் வாட்டும் சரிந்திருந்தால் சந்தேகமே இல்லை; சூடுதான். வெப்பநிலை 75 டிகிரியிலேயே நிற்கிறது, ஆனாலும் கேம் திக்குகிறது என்றால் வேறு இடத்தில் தேட வேண்டும். இன்னொரு எளிய சோதனையும் உண்டு. அதே கேமை பிற்பகல் மூன்று மணிக்கு ஒரு முறை, ஏ.சி. அறையிலோ விடியற்காலையிலோ ஒரு முறை அரை மணி நேரம் ஆடிப் பார்ப்பது. வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தால் விடை கிடைத்துவிட்டது.

சூடு இல்லையென்றால் பார்க்க வேண்டியவை சில. 8 ஜி.பி. ரேம் ஒற்றை ஸ்டிக்காக இருந்தால், புதிய கேம்களுக்கு அதுவே தடை. அதே அளவில் இன்னொரு ஸ்டிக் சேர்த்தால் இரட்டைப் பலன், இடமும் கூடும், ரேம் வேகமும் கூடும். எஸ்.எஸ்.டி. கழுத்து வரை நிரம்பியிருந்தாலும் இழுக்கும். சில நேரம் கேம், பெரிய கிராஃபிக்ஸ் சிப்பை விட்டுவிட்டு ப்ராசஸருக்குள் இருக்கும் சிறிய கிராஃபிக்ஸில் ஓடிக்கொண்டிருக்கும்; விண்டோஸ் டிஸ்பிளே செட்டிங்ஸில் ‘கிராஃபிக்ஸ்’ பகுதிக்குப் போய் அந்தக் கேமுக்கு ‘ஹை பெர்ஃபார்மன்ஸ்’ தேர்ந்தெடுத்தால் போதும்.

சார்ஜரையும் மறக்கக் கூடாது. 230 வாட் செங்கல் சார்ஜரோடு வந்த லேப்டாப்பை, தூக்கிச் செல்ல வசதி என்று 65 வாட் டைப்-சி சார்ஜரில் மாட்டி விளையாடினால் வேகம் வராது. கரண்ட் போய் பேட்டரிக்கு மாறியதும் கேம் தடுமாறுவதும் இதனால்தான். பேட்டரியால் அவ்வளவு வாட் கொடுக்க முடியாது. அது கோளாறு இல்லை.

காசு செலவில்லாமல் செய்யக்கூடியவை

சூடுதான் காரணம் என்று தெரிந்துவிட்டால், வரிசை முக்கியம். பலர் தலைகீழாகச் செய்கிறார்கள்: முதலில் கூலிங் பேட், பிறகு தெர்மல் பேஸ்ட், கடைசியில் செட்டிங்ஸ். செட்டிங்ஸில்தான் தொடங்க வேண்டும். வெப்பத்தை வெளியேற்றப் போராடுவதைவிட, தேவையில்லாமல் உண்டாக்காமல் இருப்பது சுலபம்.

முதலாவது, ஃபிரேம் எண்ணிக்கைக்கு ஒரு கடிவாளம். 144 ஹெர்ட்ஸ் திரை நொடிக்கு 144 படங்களைத்தான் காட்ட முடியும். வேலரன்ட் போன்ற இலகுவான கேம்களில் சிப் நொடிக்கு 250, 300 படங்களை வரைந்து தள்ளும். கையின் வேகத்தில் நூலிழை வித்தியாசம் பார்க்கும் போட்டி ஆட்டக்காரர்களுக்கு அதில் சிறு பலன் உண்டு. மற்றவர்களுக்கு அது வெறும் சூடு. வேலரன்ட் செட்டிங்ஸிலேயே எப்போதும், மெனுவில், பின்னணியில், பேட்டரியில் என்று தனித்தனியாக வரம்பு வைக்கலாம். அந்த வசதி இல்லாத கேம்களுக்கு என்விடியா கண்ட்ரோல் பேனலில் ‘மேக்ஸ் ஃபிரேம் ரேட்’ இருக்கிறது. 140 என்று வைத்துவிட்டுப் பாருங்கள். கதை ஓட்டத்தோடு நிதானமாக ஆடும் கேம்களுக்கு 60 போதும்.

மெனுவில் என்ன ஆகிவிடப்போகிறது என்று கேட்கலாம். 2021 ஜூலையில் அமேசானின் ‘நியூ வேர்ல்ட்’ கேமின் பீட்டா சோதனையின்போது, சிலருடைய டெஸ்க்டாப் ஆர்.டி.எக்ஸ். 3090 கார்டுகள் செத்துப்போயின. மெனு திரை வரம்பில்லாமல் படம் வரைந்துகொண்டிருந்தது பேச்சானது. அமேசான் அப்டேட் மூலம் அங்கே வரம்பு வைத்தது. கார்டு நிறுவனமான ஈ.வி.ஜி.ஏ., தன் கார்டுகள் சிலவற்றில் சால்டரிங் குறை இருந்ததாகப் பின்னர் விளக்கியது. குறை கார்டில்தான், ஆனால் ஒன்றும் நடக்காத ஒரு மெனு திரைகூட சிப்பை முழு வேகத்தில் ஓட்டும் என்பது அன்று ஊருக்கே தெரிந்தது.

இரண்டாவது, ப்ராசஸரின் ‘டர்போ’வைத் தணிப்பது. பல லேப்டாப்களில் ப்ராசஸரும் கிராஃபிக்ஸ் சிப்பும் ஒரே செம்புக் குழாய்களைப் பகிர்ந்துகொள்கின்றன. ஒரே குழாயில் இரண்டு வீட்டுக்குத் தண்ணீர் போவது மாதிரி. ப்ராசஸர் கொஞ்சம் அடங்கினால் கிராஃபிக்ஸ் சிப்புக்கு மூச்சு விட இடம் கிடைக்கும். விண்டோஸ் பவர் ஆப்ஷன்ஸில் ‘மேக்ஸிமம் ப்ராசஸர் ஸ்டேட்’ என்பதை 100-லிருந்து 99 ஆக மாற்றினால் பெரும்பாலான லேப்டாப்களில் டர்போ நின்றுவிடும். ஒரு சதவீதம் குறைத்தது போலத் தெரிந்தாலும் சூடு கணிசமாக இறங்கும். கிராஃபிக்ஸ் சிப்பை நம்பி ஓடும் பெரிய கேம்களில் இழப்பு குறைவு. ப்ராசஸரை நம்பி ஓடும் வேலரன்ட், சி.எஸ். 2 போன்றவற்றில் ஃபிரேம் குறையும். இரண்டையும் ஆடிப் பார்த்து முடிவு செய்யலாம்.

மூன்றாவது, ‘அண்டர்வோல்ட்’. சிப் எடுக்கும் மின்சாரம், வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்து ஏறி இறங்கும். வேகத்தை மாற்றாமல் வோல்டேஜை 10 சதவீதம் குறைக்க முடிந்தால் 0.9 பெருக்கல் 0.9, அதாவது 0.81. கணக்குப்படி சுமார் 19 சதவீதம் மிச்சம். கிராஃபிக்ஸ் சிப்புக்கு ‘எம்.எஸ்.ஐ. ஆஃப்டர்பர்னர்’ மூலம் பலர் இதைச் செய்கிறார்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, ஒவ்வொரு முறையும் கேமை ஓட்டிப் பார்க்க வேண்டும். அதிகமாகக் குறைத்தால் கேம் கிராஷ் ஆகும், பழைய அளவுக்குத் திரும்பினால் சரியாகிவிடும். இன்டெல் ப்ராசஸர்களில் இது பல மாடல்களில் பூட்டப்பட்டுள்ளது. 2019 டிசம்பரில் ‘பிளண்டர்வோல்ட்’ என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியானதைத் தொடர்ந்து, வோல்டேஜில் கைவைக்கும் வழியை அடைக்கும் அப்டேட்கள் வந்தன.

நான்காவது, காற்றுக்கு வழி. மெத்தை, தலையணை, மடி மூன்றும் வேண்டாம். மேஜையில் வைத்து, பின்பக்கம் இரண்டு பாட்டில் மூடிகளையோ ஒரு மெல்லிய புத்தகத்தையோ துவாரத்தை மறைக்காமல் வைத்து உயர்த்தினாலே அடியில் காற்று போகும். சுவரை ஒட்டி வைத்தால் வெளியேறிய சூடான காற்றையே லேப்டாப் திரும்ப இழுக்கும். ஒரு சாண் இடைவெளி விட வேண்டும்.

கூலிங் பேட், தூசி, பசை

இதற்குப் பிறகும் சூடு அடங்கவில்லையென்றால்தான் செலவு. கூலிங் பேட் எல்லா லேப்டாப்புக்கும் ஒரே மாதிரி உதவாது. அடிப்பக்கத்தில் பெரிய துவாரங்கள் இருந்து, பேடின் காற்று நேராக அங்கே போனால் சில டிகிரி குறையும். அடிப்பக்கம் பெரும்பாலும் மூடியிருந்தால், கலர் கலராக எரியும் லைட்டுக்குத்தான் காசு கொடுத்ததாக ஆகும். அதனால் லேப்டாப்பைத் திருப்பிப் பார்த்துவிட்டு வாங்குவது நல்லது.

ஒரு வருடத்துக்கு மேல் ஓடிய லேப்டாப்புக்கு, பேடைவிடச் சுத்தம் செய்வது பெரிய பலன் தரும். ஃபேனுக்கும் உலோகத் தகடுகளுக்கும் நடுவில் தூசியும் முடியும் பஞ்சும் சேர்ந்து ஒரு மெல்லிய போர்வை மாதிரி படிந்திருக்கும். வெளியிலிருந்து ஊதினால் அது இடம் மாறுமே தவிர வெளியே வராது. அடி மூடியைக் கழற்றித்தான் எடுக்க வேண்டும். லேப்டாப்பை முழுதாக அணைத்து, சார்ஜரைக் கழற்றி, காற்றடிக்கும்போது ஃபேன் இறக்கை சுழலாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். தாறுமாறாகச் சுழன்றால் ஃபேன் கெடும். மூடியைத் திறப்பதற்கு முன் வாரண்டி நிபந்தனைகளைப் படித்துவிட வேண்டும். வாரண்டி காலத்தில் சர்வீஸ் சென்டரிலேயே செய்யச் சொல்வதுதான் பாதுகாப்பு.

தெர்மல் பேஸ்ட் இரண்டு, மூன்று ஆண்டுகளில் காய்ந்து ஓரத்துக்கு ஒதுங்கிவிடும். கைதேர்ந்தவரிடம் மாற்றினால் நல்ல வித்தியாசம் தெரியும். ஒரு எச்சரிக்கை: சில கேமிங் மாடல்களில் பசைக்குப் பதில் ‘லிக்விட் மெட்டல்’ இருக்கும். அது மின்சாரம் கடத்தும். சிதறி போர்டில் விழுந்தால் போர்டே போய்விடும். தெரு முனைக் கடையில் கொடுப்பதற்கு முன் உங்கள் மாடலில் எது இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

‘சிப் தாங்கும், விடுங்க!’ என்பவர்களுக்கு

கம்ப்யூட்டர் தெரிந்த நண்பர்கள் பலர் ஒரு வாதம் வைப்பார்கள். ‘95 டிகிரி வரைக்கும் தாங்குற மாதிரிதான் டிசைன் பண்ணிருக்காங்க, பயப்படத் தேவையில்லை.’ சிப்பைப் பொறுத்தவரை இது சரி. எல்லையைத் தொட்டதும் சிப் தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ளும். ஒருநாள் சூடானதால் யாருடைய லேப்டாப்பும் எரிந்துவிடாது.

ஆனால் பெட்டிக்குள் சிப் மட்டும் குடியிருக்கவில்லை. பக்கத்து வீட்டில் லித்தியம் அயான் பேட்டரி இருக்கிறது. சூடும், எந்நேரமும் 100 சதவீத சார்ஜும் சேர்ந்தால் அதன் ஆயுள் வேகமாகக் குறையும். சார்ஜரிலேயே மாட்டி விளையாடுபவர்கள், லேப்டாப் நிறுவனத்தின் ஆப்பில் 80 சதவீத வரம்பு இருந்தால் அதை ஆன் செய்துவிடலாம். டச்பேட் மேலே தூக்கினாலோ, அடி மூடி புடைத்தாலோ பேட்டரி வீங்குகிறது என்று அர்த்தம். அன்றே சார்ஜ் போடுவதை நிறுத்திவிட்டு சர்வீஸுக்குக் கொண்டுபோக வேண்டும். ஃபேன் இடைவிடாமல் முழு வேகத்தில் ஓடினால் அதன் பேரிங் சீக்கிரம் தேயும். மடியில் வைத்து நாள் கணக்கில் பயன்படுத்தியவர்களுக்குத் தொடையில் வலைபோல நிறமாற்றம் ஏற்பட்டது மருத்துவ இதழ்களிலேயே பதிவாகியிருக்கிறது.

‘லேப்டாப்பில் கேம் ஆடுவதே தப்பு, டெஸ்க்டாப் வாங்கு’ என்பது இன்னொரு வாதம். டெஸ்க்டாப் குளிர்ச்சியாக ஓடும் என்பது உண்மைதான். ஆனால் வேலை தேடி ஊர் மாறுபவருக்கு, பி.ஜி. அறையில் ஒரு கட்டிலும் அரை மேஜையும் உள்ளவருக்கு, பகலில் ஆபீஸ் வேலை, இரவில் கேம், தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது பையில் அதே பெட்டி. ஆடம்பரத்துக்காக அல்ல, இரண்டு வாங்க இடமும் காசும் இல்லாததால்தான் அவர் லேப்டாப் வாங்குகிறார். அவருக்குத்தான் உண்மையான எண்கள் அதிகம் தேவை.

ஏ.சி.க்கு ஒரு நியாயம், லேப்டாப்புக்கு ஒரு நியாயமா?

இந்தியாவில் ஏ.சி. வாங்கப் போனால் நட்சத்திர முத்திரை இருக்கிறது. 2018 முதல் கட்டாயமான ‘ஐசீர்’ அளவீடு, ஏதோ ஒரு குளிர்நாட்டு ஆய்வகத்தின் ஒற்றை வெப்பநிலையை வைத்துப் போடப்பட்டது அல்ல. வெளியே 24 முதல் 43 டிகிரி வரை நம் நாட்டில் எத்தனை மணி நேரம் வெயில் அடிக்கிறது என்பதைக் கணக்கில் எடுத்துக்கொண்டு போடப்படுகிறது. வெயிலில் எப்படி ஓடும் என்று தெரிந்தால்தான் ஏ.சி.யை ஒப்பிட முடியும் என்று அரசு புரிந்துகொண்டது.

ஒரு ஏ.சி.யின் விலையைவிட இரண்டு, மூன்று மடங்கு கொடுத்து வாங்கும் கேமிங் லேப்டாப்புக்கு அப்படி எதுவும் இல்லை. அட்டையில் இருப்பது ‘அப் டு’ என்று தொடங்கும் உச்ச வேகம். அந்த வேகம் எத்தனை நொடி நிற்கும் என்று அதில் இருக்காது.

கேட்க வேண்டியது பெரிய விஷயம் இல்லை. மூன்றே எண்கள். கிராஃபிக்ஸ் சிப்புக்கு எத்தனை வாட். அரை மணி நேரம் தொடர்ந்து ஓடிய பிறகு ப்ராசஸரும் கிராஃபிக்ஸ் சிப்பும் சேர்ந்து எத்தனை வாட்டைத் தாங்கி நிற்கின்றன. அதே சோதனையை 35 டிகிரி அறையில் செய்தால் எவ்வளவு. இந்த எண்கள் நிறுவனங்களின் சோதனைக் கூடங்களுக்கு எட்டாதவை அல்ல. அளக்காமல் எந்த ஃபேனையும் எந்த செம்புக் குழாயையும் வடிவமைக்க முடியாது. வாங்குபவர் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் அச்சடிப்பதுதான் பாக்கி.

எண்கள் அச்சில் வந்தால் போட்டியும் மாறும். இன்று ‘எவ்வளவு மெலிசு’ என்று போட்டி போடுபவர்கள், ‘எவ்வளவு நேரம் வேகம் குறையாது’ என்று போட்டி போடத் தொடங்குவார்கள். மெலிதான லேப்டாப் வேண்டும் என்பவர் வாங்கிக்கொள்ளட்டும்; எதை விட்டுக்கொடுத்து வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்கட்டும்.

அந்த முத்திரை வரும்வரை, வாங்கப்போகிறவர் கையில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ‘இதுல ஜி.பி.யு. எத்தனை வாட்?’ என்று ஷோரூமில் கேட்கலாம். தெரியாது என்றால் நிறுவனத்தின் இணையதளத்தை அங்கேயே திறந்து காட்டச் சொல்லலாம். ‘அரை மணி நேரம் ஓடிய பிறகு என்ன வேகம்?’ என்பதை ரிவ்யூவில் தேடலாம். அதைச் சொல்லாத ரிவ்யூவை நம்பி லட்ச ரூபாய் போட வேண்டாம். ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் என்விடியா கண்ட்ரோல் பேனலில் ‘சிஸ்டம் இன்ஃபர்மேஷன்’ திறந்து, ‘மேக்ஸிமம் கிராஃபிக்ஸ் பவர்’ என்ற வரியைப் பார்க்கலாம். தங்கள் லேப்டாப்பின் உண்மையான பெயர் அங்கேதான் இருக்கிறது.